பட்ஜெட்ல அறிவிச்சாங்க, ஆனா பணம் எங்க? தமிழ்நாடு பட்ஜெட்டை நாமளே படிச்சுப் பார்க்குறது எப்படி

வருஷா வருஷம் பட்ஜெட் அன்னைக்கு மதியத்துக்குள்ள வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் சுத்த ஆரம்பிச்சிடும், இதுக்கு இத்தனை கோடி அதுக்கு இத்தனை ஆயிரம் கோடின்னு. ஆளுங்கட்சி வரலாறு காணாத பட்ஜெட்ம்பாங்க, எதிர்க்கட்சி கடன்கார பட்ஜெட்ம்பாங்க, மூணாவது நாள் அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. ஆனா உங்க வீட்டு ரேஷன் அரிசி, அம்மாவுக்கு வர்ற முதியோர் பென்ஷன், பையன் படிக்கிற அரசு ஸ்கூல் வாத்தியார் சம்பளம், டவுன் பஸ்ல பெண்களுக்கு ஃப்ரீ டிக்கெட், எல்லாத்துக்கும் பணம் அந்த புத்தகத்துல இருந்துதான் வருது. அதனால அதை நாமளே கொஞ்சமாவது படிக்கத் தெரிஞ்சு வச்சுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை, அதான் இது.

உதாரணத்துக்கு 2025-26 பட்ஜெட்டை எடுத்துக்கிறேன், 2025 மார்ச் 14 அன்னைக்கு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சட்டமன்றத்துல வச்சது. வருஷம் மாறினா நம்பர் மாறும், ஆனா புத்தகத்தோட அமைப்பு அப்படியேதான் இருக்கும், அதனால ஒரு வருஷத்தைப் படிக்கக் கத்துக்கிட்டா எந்த வருஷத்தையும் படிச்சிடலாம்.

முதல்ல சட்டம். அரசியலமைப்பு 202-வது பிரிவுப்படி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் மாநில அரசு வரவு செலவு அறிக்கையை சட்டமன்றத்துல வைக்கணும். 203-வது பிரிவுப்படி ஒவ்வொரு துறையும் எனக்கு இவ்வளவு வேணும்னு மானியக் கோரிக்கை வைக்கும், எம்எல்ஏக்கள் ஓட்டுப் போட்டு அதை ஒத்துக்கணும். அப்புறம் 204-வது பிரிவுப்படி நிதி ஒதுக்கச் சட்டம் பாஸாகணும். இவ்வளவும் முடிஞ்சாதான் கஜானாவுல இருந்து ஒரு ரூபாயாவது எடுக்க முடியும். வட்டி, கவர்னர் சம்பளம், சபாநாயகர் சம்பளம், ஹைகோர்ட் நீதிபதிகள் சம்பளம் இந்த மாதிரி சில செலவுகளுக்கு மட்டும் ஓட்டெடுப்பு கிடையாது, பேசலாம், ஆனா வெட்ட முடியாது. ஆக நிதியமைச்சர் படிக்கிற உரைங்கறது ஆரம்பம்தான். டிவியில நாம பார்க்குறது அந்த உரையை மட்டும்தான், அதுக்கப்புறம் வாரக்கணக்குல நடக்குற துறைவாரி மானிய விவாதத்துலதான் நம்ம தொகுதி விஷயம் எல்லாம் வரும், அதை யாரும் பெருசா கவனிக்கிறதில்லைங்கறது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தேர்தல் வர்ற வருஷத்துல மட்டும் கதை கொஞ்சம் வேற. 206-வது பிரிவுப்படி சில மாசத்துக்கு மட்டும் செலவுக்கு அனுமதி வாங்கிப்பாங்க, அதைத்தான் இடைக்கால பட்ஜெட்னு சொல்றோம். 2021-ல அப்படித்தான், பிப்ரவரியில ஓ.பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் வச்சாரு, ஆட்சி மாறினதும் ஆகஸ்ட் 13-ல பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட் வச்சாரு. அதனால தேர்தலுக்கு முன்னாடி வர்ற இடைக்கால பட்ஜெட்ல இருக்குற அறிவிப்பை வச்சு முழு வருஷத்துக்கும் கணக்குப் போட்டுடாதீங்க.

மூணு நம்பர் இருக்கும், குழப்பிக்காதீங்க

பட்ஜெட் புத்தகத்துல எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே இனத்துக்கு பல நம்பர் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஒண்ணு பட்ஜெட் மதிப்பீடு, அதாவது வரப்போற வருஷத்துக்கு இவ்வளவு ஆகும்னு போடுற கணக்கு. இன்னொண்ணு திருத்த மதிப்பீடு, நடப்பு வருஷம் முடியப்போற நேரத்துல இப்ப நிலைமை இதுதான்னு திருத்திப் போடுறது. மூணாவது கணக்குகள், அதாவது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நெஜமா ஆன செலவு. பேப்பர்ல தலைப்புச் செய்தியா வர்றது எப்பவும் முதல் நம்பர்தான். அரசு சொன்னதைச் செஞ்சுச்சான்னு காட்டுறது மூணாவது நம்பர்.

ஒரு உதாரணம் பாருங்க. 2024-25-க்கு மாநிலத்தோட சொந்த வரி 1,95,173 கோடி வரும்னு பட்ஜெட்ல போட்டாங்க, திருத்த மதிப்பீட்டுல அது 1,92,752 கோடியா இறங்குச்சு. பெரிய வித்தியாசம் இல்லதான், ஆனா அடுத்த வருஷம் 2025-26-க்கு 2,20,895 கோடின்னு வச்சிருக்காங்க, அதாவது ஒரே வருஷத்துல 14.6 சதவீதம் ஏறணும். இது நடந்தாதான் மத்த எல்லா கணக்கும் நிக்கும், குறைஞ்சா வருஷக் கடைசியில ஏதோ ஒரு துறையில கை வைப்பாங்க, பெரும்பாலும் கட்டடம், ரோடு மாதிரி மூலதனச் செலவுலதான் கை வைப்பாங்க, ஏன்னா சம்பளத்தையும் வட்டியையும் நிறுத்த முடியாது.

பணம் எங்கிருந்து வருது

2025-26-ல வருவாய் வரவு மொத்தம் 3,31,569 கோடின்னு மதிப்பீடு. இதுல மூணுல ரெண்டு பங்கு மாநிலத்தோட சொந்த வரி, மேல சொன்ன 2,20,895 கோடி. வரி இல்லாத வருவாய் 28,819 கோடி, மத்திய வரியில நம்ம பங்கு 58,022 கோடி, மத்திய அரசு மானியம் 23,834 கோடி. சொந்த வரின்னா ஜிஎஸ்டியில மாநிலப் பங்கு, பெட்ரோல் டீசல் வாட், மது மேல வரி, பத்திரப் பதிவு, வண்டி வரி, இதுதான் முக்கியமா. 2017-ல ஜிஎஸ்டி வந்ததுக்கு அப்புறம் மாநிலம் தானா ரேட் வச்சுக்கற வரிகள் ரொம்பக் குறைஞ்சு போச்சு, அதனாலதான் எப்ப வருமானம் பத்தலைன்னாலும் பத்திரப்பதிவு மேலயும் மது மேலயும் வண்டி வரி மேலயும் கை போகுது. 2000-கள்ல சொந்த வரி மாநில உற்பத்தியில, அதாவது மாநிலத்துல ஒரு வருஷத்துல உருவாகுற பொருள், சேவை எல்லாத்தோட மொத்த மதிப்புல, 8 சதவீதத்துக்கு மேல இருந்தது, இந்த பட்ஜெட் கணக்குப்படி அது 6.2 சதவீதம் கிட்டதான். என்னைக் கேட்டா தமிழ்நாட்டு நிதிநிலையில முதல்ல பேச வேண்டிய நம்பர் இதுதான், கடனைப் பத்தி பேசுறதுல பாதியாவது இதைப் பத்தி பேசணும்.

மத்திய வரிப் பங்கு விஷயத்துல ரெண்டு விதமான கணக்கு சுத்துது. மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிக்கறதுன்னு சொல்ற 15-வது நிதிக்குழு 2021-ல இருந்து 2026 வரைக்கும் பங்கிடுற வரியில 41 சதவீதம் மாநிலங்களுக்குன்னு சொல்லிச்சு, அந்த 41-ல தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பார்த்தா நாடு முழுக்க வசூலாகி பங்குக்கு வர்ற ஒவ்வொரு ரூபாய்லயும் நமக்குக் கிடைச்சது 1.67 பைசா. மேடையில சொல்ற 1 ரூபா குடுத்தா 29 பைசா திரும்புதுங்கறது வேற கணக்கு, அது தமிழ்நாட்டுல வசூலானதையும் தமிழ்நாட்டுக்குத் திரும்பினதையும் ஒப்பிடுறது. ரெண்டையும் ஒண்ணா போட்டு சண்டை போடுறாங்க, அது வேணாம். ஏன் இவ்வளவு கம்மின்னா, 15-வது நிதிக்குழு பங்கு போட்ட ஃபார்முலாவுல 45 சதவீத வெயிட்டேஜ் தலா வருமானம் குறைஞ்ச மாநிலத்துக்குச் சாதகமா போச்சு, நாம வளர்ந்த மாநிலம்ங்கறதால அதுல அடி வாங்கினோம். போதாக்குறைக்கு செஸ், சர்சார்ஜ்னு வரி மேல கூடுதலா மத்திய அரசு வசூல் பண்றது இந்தப் பங்குக்கே வராது.

மத்திய அரசு மானியமும் நிச்சயம் கிடையாது. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்துல 2024-25-ல 2,152 கோடி வராம நின்னது எல்லாருக்கும் தெரியும், பிஎம் ஸ்ரீங்கற மத்திய அரசோட பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடாததால நிறுத்தினாங்க, அந்தச் செலவை மாநிலம் சொந்தப் பணத்துல பார்த்துக்கிட்டதா பட்ஜெட் உரையிலயே சொன்னாங்க. சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்டமும் இதே மாதிரிதான், 63,246 கோடி ப்ராஜெக்ட், 2024 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுக்கற வரைக்கும் செலவு முழுக்க மாநிலத்து தலையிலதான் இருந்தது.

ரெண்டு பற்றாக்குறை, ரெண்டும் வேற

வருவாய்ச் செலவு 3,73,204 கோடி, வருவாய் வரவு 3,31,569 கோடி. துண்டு விழுறது 41,635 கோடி, இதுதான் வருவாய்ப் பற்றாக்குறை. வருவாய்ச் செலவுன்னா சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம், உதவித்தொகை, பராமரிப்பு, இப்படி செலவாகிப் போறது. இதுக்கும் மேல ரோடு, பாலம், ஆஸ்பத்திரி கட்டடம், அணை மாதிரி சொத்து உருவாக்குற மூலதனச் செலவு 57,231 கோடி. வருவாய்ப் பற்றாக்குறையையும் இதையும் கூட்டுனா 98,866 கோடி. அதோட அரசு மத்த நிறுவனங்களுக்குக் குடுக்குற கடன் நிகரமா எட்டாயிரம் கோடி சொச்சம், எல்லாம் சேர்ந்து 1,06,963 கோடி, இதுதான் நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த வருஷம் கடன் வாங்கி நிரப்ப வேண்டிய மொத்த இடைவெளி.

வீடு கட்டக் கடன் வாங்குறதும் மளிகைக்குக் கடன் வாங்குறதும் ஒண்ணா? அந்த வித்தியாசம்தான் இங்கயும். நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடியில 41,635 கோடி, அதாவது நூத்துக்கு 39 ரூபா, அன்றாடச் செலவுக்கே போகுது. தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் 2003-ல வந்தது, வருவாய்ப் பற்றாக்குறையை இல்லாம பண்ணணும், நிதிப் பற்றாக்குறையை மாநில உற்பத்தியில 3 சதவீதத்துக்குள்ள வைக்கணும்ங்கறது அதோட நோக்கம். ரெண்டாவது இந்த பட்ஜெட்ல சரியா 3.00 சதவீதத்துல நிக்குது. முதலாவது 2013-14-ல இருந்து எந்த வருஷமும் நடக்கல, எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் உபரி இருந்தது, அதனால முடியாத காரியம்னு சொல்லிட முடியாது.

செலவு பக்கம் ஏன் இறுகிப் போயிருக்குன்னா, சம்பளம் 90,000 கோடிக்கு மேல, வட்டி 70,000 கோடிக்கு மேல, பென்ஷன் 40,000 கோடி வாக்குல, மூணும் சேர்ந்தாலே ரெண்டு லட்சம் கோடி. வர்ற நூறு ரூபாயில அறுபது ரூபா எந்த அமைச்சர் வந்தாலும் தொட முடியாத செலவு. வட்டிக்குப் போற பணம் மூலதனச் செலவை விட அதிகம்ங்கறதையும் கவனிங்க, நான் இந்த பட்ஜெட்டைப் படிக்கும்போது அதிக நேரம் நின்ன இடம் அதுதான்.

கடன் கணக்கு

2026 மார்ச் 31 அன்னைக்கு நிலுவைக் கடன் 9,29,959 கோடியா இருக்கும்னு பட்ஜெட் சொல்லுது. உடனே ஒரு மெசேஜ் வரும், பிறக்குற குழந்தை தலையில 1.2 லட்சம் கடன்னு. வகுத்துப் பார்த்தா நம்பர் கிட்டத்தட்ட சரிதான், ஆனா அது மட்டும் தனியா நின்னா ஒண்ணும் சொல்லாது. அதே மாதிரி மாநில மொத்த உற்பத்தியை வகுத்தா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்கு மேல வருது. அதனால கடனை எப்பவும் உற்பத்தியோட சேர்த்துப் பார்க்கணும், அப்படிப் பார்த்தா 26.07 சதவீதம், நிதிக்குழு வச்ச வரம்புக்குள்ளதான். 2021 ஆகஸ்ட்ல மாநில நிதிநிலை பத்தி அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபா கடன்னு போட்டது ஞாபகம் இருக்கும், அப்ப அதை அரசே சொல்லிச்சு, அப்புறம் அதே பாணியில எதிர்க்கட்சி சொல்லிச்சு.

2025-26-ல 1,62,097 கோடி கடன் வாங்கி, பழைய கடன்ல 55,845 கோடியைத் திருப்பி அடைக்கறதா திட்டம். மாநிலம் இஷ்டத்துக்குக் கடன் வாங்கிட முடியாது, அதையும் தெரிஞ்சுக்கோங்க. மத்திய அரசுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் பாக்கி இருக்குற வரைக்கும் 293-வது பிரிவுப்படி அவங்க ஒப்புதல் வேணும், அதனால ஒவ்வொரு வருஷமும் உச்சவரம்பு டெல்லியில இருந்து வருது. 2025-26-ல 3 சதவீதத்துக்கு மேல அரை சதவீதம் வேணும்னா மின்துறை சீர்திருத்தம் செஞ்சு காட்டணும்னு இருந்தது, அதனாலதான் மின்வாரியத்தோட நஷ்டத்தை அரசு பட்ஜெட்ல ஏத்துக்கறது ஒரு பெரிய இனமா வந்து நின்னது.

பொருளாதார வளர்ச்சி நம்பர் ஏன் பட்ஜெட்டுக்கு முக்கியம்

மேல பார்த்த 3 சதவீதம், 26 சதவீதம் எல்லாமே மாநில மொத்த உற்பத்தியை வச்சுப் போடுற கணக்கு. 2025-26-க்கு அதை 35.7 லட்சம் கோடின்னு எடுத்திருக்காங்க. உற்பத்தி வளர்ந்தா கடன் வாங்குற இடமும் வளரும், வரியும் வளரும். இங்க பார்க்க வேண்டியது விலைவாசியையும் சேர்த்த வளர்ச்சி, ஏன்னா வரி ரூபாய்லதான் வருது. பேப்பர்ல பெருசா வர்றது விலைவாசியைக் கழிச்ச வளர்ச்சி. 2024-25-க்கு அது முதல்ல 9.69 சதவீதம்னு வந்தது, அப்புறம் மத்திய புள்ளியியல் துறை திருத்தி 11.19 சதவீதம்னு வெளியிட்டாங்க. இப்படி ஏறி இறங்குறது சகஜம், அதனால முதல்ல வர்ற வளர்ச்சி நம்பரை வச்சு கொண்டாடவும் வேணாம் திட்டவும் வேணாம், திருத்தம் வரட்டும்.

2025 மார்ச் 13-ல, பட்ஜெட்டுக்கு முதல் நாள், மாநிலத் திட்டக் குழு தயாரிச்ச பொருளாதார ஆய்வறிக்கை முதல் முறையா வந்தது, எனக்கு ரொம்ப சந்தோஷமான விஷயம் அது, ஏன்னா அதுவரைக்கும் மத்திய அரசுக்கு மட்டும்தான் அப்படி ஒண்ணு இருக்குன்னு நாம பார்த்துக்கிட்டு இருந்தோம். நாட்டோட நிலப்பரப்புல 4 சதவீதம், மக்கள்தொகையில 6 சதவீதம் இருக்குற தமிழ்நாடு நாட்டு உற்பத்தியில 9 சதவீதத்துக்கு மேல தருதுன்னு அதுல இருக்கு. 2022-23-ல தலா வருமானம் 2.78 லட்சம், நாட்டு சராசரி 1.69 லட்சம். ஆனா சராசரி எல்லாரையும் சமமா காட்டிடும். சென்னையைச் சுத்தி இருக்குற மாவட்டங்களும் கோவை பக்கமும் ஒரு உயரத்துல இருக்கு, விழுப்புரம் மாதிரி மாவட்டங்கள் ரொம்பக் கீழ இருக்கு. அதே மாதிரி விவசாயத்தோட பங்கு உற்பத்தியில 13 சதவீதம் அளவுக்குத்தான், ஆனா அதை நம்பி வேலை பார்க்குறவங்க பங்கு அதைவிட ரொம்பப் பெருசு, அந்த வித்தியாசத்துலதான் கிராமத்து வருமானப் பிரச்சனை உட்கார்ந்திருக்கு.

விவசாயம்னதும் ஒண்ணு சொல்லிடறேன். 2021 ஆகஸ்ட் 14-ல இருந்து வேளாண் பட்ஜெட் தனியா வருது, 2025-26-க்கு அதோட அளவு 45,661 கோடி. இதை பொது பட்ஜெட் மேல கூட்டிப் போட்டு பேசுறாங்க, அது தப்பு. பம்புசெட் இலவச மின்சாரம், கூட்டுறவு, பால்வளம், ஊரக வளர்ச்சின்னு பல துறையில விவசாயிக்குப் போறதை எல்லாம் ஒரே இடத்துல தொகுத்துக் காட்டுற கணக்கு அது, புதுப் பணம் தனியா ஒண்ணும் வரல.

ஒரு திட்டத்தை எடுத்து நாமளே சரிபார்க்கலாம்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15-ல காஞ்சிபுரத்துல ஆரம்பிச்சது, மாசம் 1,000 ரூபா. தகுதி என்னன்னா 21 வயசு ஆகியிருக்கணும், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள, நிலம் நஞ்சை 5 ஏக்கர் இல்ல புஞ்சை 10 ஏக்கருக்குள்ள, கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள்ள. 2025-26-ல ஒதுக்கீடு 13,807 கோடி. இப்ப கால்குலேட்டர் எடுங்க, ஒருத்தருக்கு வருஷத்துக்கு 12,000 ரூபா, 13,807 கோடியை 12,000-ஆல வகுத்தா 1.15 கோடி பேர். அதாவது அப்ப ஏற்கனவே வாங்கிட்டு இருந்தவங்க எண்ணிக்கைக்குத்தான் இந்தப் பணம் சரியா இருந்தது. அந்த வருஷ பட்ஜெட் உரையில விடுபட்டவங்களுக்கும் குடுப்போம்னு சொல்லும்போது மனசுல வச்சுக்க வேண்டியது இதைத்தான், புதுசா ஒரு லட்சம் பேரைச் சேர்த்தா முழு வருஷத்துக்கு 120 கோடி கூடுதலா வேணும், அது இந்த ஒதுக்கீட்டுல இல்ல, துணை மதிப்பீடு கொண்டு வந்து 205-வது பிரிவுப்படி சட்டமன்றத்துல திரும்ப அனுமதி வாங்கணும். அதனால விண்ணப்பம் போட்டுட்டு காத்திருக்குறவங்க துணை மதிப்பீடு வருதான்னு பாருங்க, மேடைப் பேச்சை விட அது நம்பகமான செய்தி.

எந்தத் திட்டத்துக்கும் இதே மாதிரி ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சா வகுத்துப் பார்த்துடலாம். சட்டமன்ற விதி 110-ல முதலமைச்சர் படிக்கிற அறிவிப்புக்கும் இதைச் செய்யுங்க, அதுல விவாதமும் கிடையாது, அறிவிக்கிற நேரத்துல பட்ஜெட்ல இடம் இருக்கணும்னு கட்டாயமும் கிடையாது.

அறிவிப்பு வந்து, ஒதுக்கீடு ஆகி, மானியம் பாஸாகி, அப்பவும் பணம் உங்க கைக்கு வந்துடாது. துறை அரசாணை, அதாவது ஜிஓ போடணும், நிதித்துறை ரிலீஸ் பண்ணணும், கருவூலத்துல பில் பாஸாகணும். மார்ச் 31-க்குள்ள செலவாகலைன்னா ஒதுக்கீடு காலாவதி ஆகிடும். அதனால ஒரு ஆஃபீஸ்ல போய் நின்னு பட்ஜெட்ல வந்துச்சே சார்னு கேட்டா இன்னும் ஜிஓ வரலைன்னு பதில் வரும், பல நேரம் அது உண்மையாவும் இருக்கும். அப்படி சொன்னா அரசாணை நம்பரும் தேதியும் கேளுங்க, போட்டாச்சா போடலையான்னு அதுலயே தெரிஞ்சிடும். அரசாணைகளை தமிழ்நாடு அரசு வெப்சைட்ல துறைவாரியா போடுறாங்க, தமிழ்லயே நிறைய இருக்கு.

எதை எங்க தேடணும்னா, நிதித்துறையோட பட்ஜெட் வெப்சைட்ல உரை, வரவு செலவுச் சுருக்கம், துறைவாரி மானியக் கோரிக்கை எல்லாம் பிடிஎஃப்பா கிடைக்கும். முழுசா படிக்க நேரம் இல்லாதவங்க அவங்களுக்கு வேண்டிய துறையோட கொள்கை விளக்கக் குறிப்பை மட்டும் எடுங்க, மானிய விவாதத்தப்ப அமைச்சர் வைக்கிறது, எத்தனை பேருக்குக் குடுத்தோம், போன வருஷம் எவ்வளவு செலவாச்சு எல்லாம் அதுல இருக்கும், தமிழும் படிக்கிற மாதிரி இருக்கும். சொன்னது நடந்துச்சான்னு தெரியணும்னா தலைமைக் கணக்குத் தணிக்கையரோட மாநில நிதிநிலை தணிக்கை அறிக்கை, எந்தத் துறை ஒதுக்குனதைச் செலவே பண்ணாம திருப்பிக் குடுத்துச்சுன்னு பேரோட இருக்கும், அந்த அத்தியாயத்தை முதல்ல படிங்க. தணிக்கையர் மாசா மாசம் வரவு செலவு நிலவரமும் வெளியிடுறாங்க, அரை வருஷம் போனதும் மூலதனச் செலவு எத்தனை சதவீதம் ஆகியிருக்குன்னு அதுல பாருங்க.

இது எதுலயும் உங்க ஊர் விவரம் கிடைக்கலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி மனு போடுங்க. ஏன் பண்ணலைன்னு கேட்டா பதில் வராது, ஏன்னா விளக்கம் கேக்குறது அந்தச் சட்டத்துல வராது, ஆவணத்தைத்தான் கேக்கணும். இப்படிக் கேளுங்க: இந்தத் திட்டத்துக்கு 2025-26-ல எங்க மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகை, இன்னைய தேதி வரைக்கும் செலவான தொகை, அதுக்கான அரசாணை நகல். 30 நாளைக்குள்ள பதில் குடுக்கணும், குடுக்கலைன்னா அதே ஆஃபீஸோட மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதுக்கு தனியா பணம் கட்டத் தேவையில்ல.